இடது பக்கத்தில் எழுதியவை

நாவலை முடித்துவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதுவதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

தை மாதக் கடைசி. எங்கள் ஒன்பது மாவிலும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுவடை மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை என்பதால் வீட்டுக்காரர் பனி விலகும் முன்பே வயலுக்குப் போய்விட்டார். நான் டீயைப் போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றி அனுப்பிவிட்டு, அடுப்படிக்குப் பக்கத்து அறையில் காலிச் சாக்குகளின் மேல் உட்கார்ந்தேன். நான் எழுதுகிற இடம் அதுதான். கடைசிப் பத்தி ஐந்தாறு வாக்கியம்தான். எழுதி, கீழே 2025 என்று வருஷத்தைப் போட்டேன். விரல் நடுங்கியது. அதற்குள் வாசலில் டிராக்டர் சத்தம். அத்தை, "சாக்கை எடுத்துக் குடும்மா, நெல்லு வந்துடுச்சு" என்றார். எழுந்து சாக்கை உதறிக் கொடுத்தேன். வீட்டில் யாருக்கும் அப்போது சொல்லவில்லை. சாயங்காலம் வரை அந்தச் சந்தோஷத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு நெல் அள்ளினேன்.

எப்படி முடித்தாய் என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். எழுத ஆரம்பித்து நடுவில் நிற்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆரம்பித்தது 2012 ஆனி மாதம். ஜூன் 12 என்றால் டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மேட்டூர் அணை திறக்கிற நாள். அந்த வருஷம் திறக்கவில்லை. செப்டம்பர் 17 தான் திறந்தார்கள். குறுவை போய்விட்டது. குடமுருட்டி ஆற்றில் மணல்தான் ஓடியது. நாற்றங்காலுக்கு விதை ஊறப்போட வேண்டிய நேரத்தில் ஆண்களெல்லாம் டீக்கடையிலும் மதகுக் கட்டையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நடவு ஆட்களான பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போனார்கள். அப்படிப் போகும் வழியில் ஒரு பெரியம்மா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தன் வயசில் எத்தனை வேலி நிலம் நட்டிருப்பேன் என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஊர் ஊராக, வரப்பு வரப்பாகச் சொன்னார். அவர் போன பிறகு என் பெண்ணின் பழைய ரஃப் நோட்டில் அதை எழுதி வைத்தேன். அதுதான் முதல் பக்கம்.

நான் பிறந்து வளர்ந்தது கும்பகோணம். அப்பா பாத்திரக் கடையில் கணக்கு எழுதியவர். மகளிர் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படித்தேன், கல்யாணமாகி பாபநாசத்துக்கும் திருவையாற்றுக்கும் நடுவில் இந்த ஊருக்கு வந்தேன். வயல் எனக்குப் புகுந்த வீட்டுச் சொத்து. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் சந்தேகத்தின் வேரே இதில்தான் இருந்தது.

இந்த மண்ணில் பேனாவை எடுக்கிறவர்களுக்கு ஒரு தனிப் பாரம் உண்டு. தி. ஜானகிராமன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி, கரிச்சான் குஞ்சு என்று கும்பகோணத்துத் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெரிய பெயர். மாயவரம் பக்கம் போனால் கல்கி. தஞ்சாவூரில் தஞ்சை ப்ரகாஷ். சரி, அவர்கள் அதிகம் எழுதியது வீட்டையும் தெருவையும் சங்கீதத்தையும், சேற்றை யாரும் எழுதவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றால், அதற்கும் சி.எம். முத்து உண்டு, சோலை சுந்தரபெருமாள் உண்டு. விவசாயத்திலேயே ஊறினவர்கள். எனக்கென்று விட்டுவைத்த இடம் எது? ஒவ்வொரு ராத்திரியும் நோட்டைத் திறந்தவுடன் முதலில் வந்து நிற்கிற கேள்வி இதுதான். நாலு வருஷத்தில் நூற்றுப்பத்துப் பக்கம். அதில் பாதியை நானே கிழித்தேன்.

2016ல் ஒரு மத்தியானம், கும்பகோணத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, நூலகத்தில் எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' கிடைத்தது. கல்லூரியில் அவர் பெயரைப் பாடத்தில் படித்திருந்தேன், புத்தகத்தைப் படித்ததில்லை. கையில் பிடித்தால் கனமே தெரியாத சின்ன நாவல். திரும்பி வரும் பஸ்ஸில் ஆரம்பித்து, ராத்திரி இரண்டு மணிக்கு முடித்தேன். அப்புறம் தூங்கவில்லை.

அவரைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 1920ல் கும்பகோணத்தில் பிறந்தவர். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம். தாய்மாமனுக்குத் தத்துப் போனதால் மைசூர் வெங்கடாசலம் வெங்கட்ராம் ஆனார். பதினாறு வயதில், 1936ல், 'சிட்டுக்குருவி' என்ற முதல் கதை 'மணிக்கொடி'யில் வந்தது. அந்தக் காலத்து 'மணிக்கொடி'யில் பதினாறு வயசுப் பையனின் கதை வருவது சாதாரணமில்லை. பட்டுச் சரிகை வியாபாரம் செய்தார். 'தேனீ' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். மகாபாரதத்து மாதவியை வைத்து 'நித்யகன்னி' எழுதினார். கும்பகோணத்துப் பட்டு நெசவாளர் வாழ்க்கையை வைத்து 'வேள்வித் தீ' எழுதினார், அது 1975ல் வந்தது.

இதெல்லாம் வெளியே தெரிந்த வாழ்க்கை. உள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நடுவயதில் அவருக்குக் காதுக்குள் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஏறத்தாழ இருபது வருஷம் அந்தக் குரல்களோடு வாழ்ந்தார். கேலி, வசை, காதில் கேட்கக் கூசும் ஆபாசம், மிரட்டல் எல்லாம் அதில் உண்டு. குடும்பம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், பிழைப்பு இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. இவருக்கு மட்டும் ஓயாமல் கேட்கும்.

அந்த அனுபவத்தைத்தான் 'காதுகள்' என்று நாவலாக்கினார். மகாலிங்கம் என்ற எழுத்தாளன். முருக பக்தன். அவன் காதுதான் நாவலின் களம். அங்கே உருவங்கள் வருகின்றன, பேசுகின்றன, நாடகம் நடத்துகின்றன, அவனைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. அவன் முருகனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். 1992ல் புத்தகமாக வந்தபோது வெங்கட்ராமுக்கு வயது 72. அடுத்த வருஷம் சாகித்ய அகாதெமி விருது. முதல் கதைக்கும் இதற்கும் நடுவில் 56 வருஷம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது விருது இல்லை. அந்த நாவலில் குரல்களுக்கு அவர் கொடுத்த இடம். மகாலிங்கத்தைத் திட்டும் குரலை அவர் சுருக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுக்கவில்லை. அதற்கு வசனம் கொடுத்தார். அதற்கென்று ஒரு பேச்சு நடை, ஒரு தந்திரம், ஒரு கொடூரமான நகைச்சுவை எல்லாம் கொடுத்தார். அத்தனை வருஷம் தன்னைத் துன்புறுத்தியதைத் தாளில் உட்காரவைத்துப் பேசவிட்டார். பேசி முடிக்கும் வரை எழுதினார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு வந்தது வேதனை. எனக்கு வந்தது எழுதுகிற எல்லோருக்கும் வருகிற தயக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கிற உரிமை எனக்கு இல்லை. வீட்டில் யாருக்காவது அப்படிக் குரல் கேட்டால், கலைஞன் என்றால் இப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அப்படிப்பட்ட வேதனையிலிருந்தும் ஒரு மனிதர் எழுதிக் கரையேறியிருக்கிறார் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கினேன். நடுவில் மடித்தால் இடது, வலது என்று இரண்டு பக்கம். வலது பக்கத்தில் நாவல். இடது பக்கத்தில், எழுதும்போது மனசு சொல்வதெல்லாம். தடுக்காமல், திருத்தாமல், அது சொன்ன மொழியிலேயே எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

என் இடது பக்கத்திலிருந்து சிலவற்றை அப்படியே தருகிறேன்:

"ஜானகிராமன் எழுதின காவேரி இருக்கு. உன் காவேரி எதுக்கு?"

"பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும். நீ உக்காந்து கதை எழுதற."

"உனக்கு நடவு தெரியாது."

"இதை யாரு படிப்பா?"

"நாப்பது வயசுல இதென்ன ஆசை?"

"இந்த அத்தியாயம் இழுவை."

ஒரு வருஷம் கழித்து இடது பக்கங்களை மட்டும் ஒரே மூச்சில் படித்துப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்கு வெளிச்சம் வந்தது. நான் நினைத்த மாதிரி அது கடலில்லை. மொத்தம் ஒன்பதே வாக்கியம். அந்த ஒன்பதையே வருஷம் முழுக்கச் சுற்றிச் சுற்றிச் சொல்லியிருக்கிறது. இரவு பதினோரு மணிக்கு மேல் எழுதின நாளில் கூடுதலாக, அத்தையோடு மனஸ்தாபம் வந்த நாளில் கூடுதலாக. காலை நாலரைக்கு எழுந்து எழுதின நாட்களில் இடது பக்கம் பெரும்பாலும் காலி. அன்றிலிருந்து ராத்திரி எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

இதே வேலையை அமெரிக்காவில் ஜான் ஸ்டைன்பெக் செய்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. மழை பொய்த்து, நிலத்தை விட்டு வெளியேறிய குடியானவர்களைப் பற்றி 1938ல் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' எழுதிய ஐந்தாறு மாதமும், நாவலுக்குப் பக்கத்திலேயே ஒரு நாட்குறிப்பும் எழுதியிருக்கிறார். தன்னால் முடியுமா, தனக்குத் தகுதி உண்டா என்ற சந்தேகமெல்லாம் அந்தக் குறிப்பில் கொட்டிக் கிடக்கிறது. அவர் இறந்து பல வருஷம் கழித்து அது தனிப் புத்தகமாக வந்தது. தண்ணீர் இல்லாத நிலத்தைப் பற்றி எழுதிய ஒருவர் இப்படிச் செய்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சொந்தம் தோன்றியது.

ஒன்பது வாக்கியத்தில் ஏழு வெறும் பயம். இரண்டு மட்டும் உண்மை. "இந்த அத்தியாயம் இழுவை" என்பது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. இன்னொன்று, "உனக்கு நடவு தெரியாது."

ஆமாம், தெரியாதுதான். வரப்பில் நின்று பார்த்திருக்கிறேன், சோறு கொண்டுபோயிருக்கிறேன். சேற்றில் இறங்கியதில்லை. 2017 ஐப்பசியில் பெரியம்மாவிடம் போய், "நானும் வரேன், எனக்குக் கூலி வேணாம்" என்றேன். அவர் என் காலைப் பார்த்துவிட்டு, "கூலி வேணாமுன்னா வராத. வேல செஞ்சா வாங்கிக்க" என்றார். போனேன்.

இடது கையில் நாற்று முடி. அதிலிருந்து வலது கை நாலைந்து நாற்றைப் பிரிக்கிறது. கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து சேற்றில் செருகுகின்றன. உடனே அடுத்தது. கால் பின்பக்கம் நகர்கிறது. சொன்னால் இவ்வளவுதான். ஆழமாக வைத்தால் தூர் கட்டாது. மேலாக வைத்தால் தண்ணீர் விட்டதும் மிதந்து வந்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விரற்கடை அளவு இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரல் நுனிதான் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் நான் வைத்ததில் பாதியைப் பக்கத்தில் இருந்தவர் மறுபடி வைத்தார். மத்தியானத்துக்கு மேல் இடுப்பு என்னுடையதாகவே இல்லை. மூன்றாம் நாள் விரலிடுக்கில் சேற்றுப்புண். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவிக்கொண்டு தூங்கினேன்.

என் நாவலின் முதல் வடிவத்தில் நடவுக் காட்சியில் எல்லாப் பெண்களும் பாடிக்கொண்டே நட்டார்கள். சினிமாவில் பார்த்ததை எழுதியிருக்கிறேன். குனிந்த வயிற்றில் அவ்வளவு மூச்சு கிடையாது. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வரியின் கடைசியை மட்டும் பிடிப்பார்கள். பாதி நேரம் பாட்டே இருக்காது, வீட்டு வழக்குதான் ஓடும். யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த மகளிர் குழுவில் தவணை பாக்கி, யாருக்கு ரேஷன் கார்டு வரவில்லை. இருபத்திரண்டு பக்கத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இடது பக்கத்துக் குரல் உபயோகமாக இருந்த நாள் அது. அதனால்தான் சந்தேகத்தை வாயடைக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதை முழுசாகப் பேசவிட்டால்தான், ஒன்பதில் எந்த இரண்டு உண்மை என்று தெரிகிறது.

அடுத்த வருஷம் கஜா புயல்.

2018 நவம்பர் 16 விடியற்காலை. நாத்தனார் மகளுக்குப் பிரசவ நேரம், துணைக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் போயிருந்தேன். நாலு நோட்டை டிரங்குப் பெட்டியில் எடுத்துப் போயிருந்தேன். அந்த ராத்திரியை இங்கே விவரிக்கப் போவதில்லை, அந்தப் பக்கத்து ஜனங்கள் அவ்வளவு இழந்திருக்கும்போது என் நோட்டு ஒரு பொருட்டில்லை. நாற்பது வருஷத் தென்னை எல்லாம் வேரோடு ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வீட்டு ஓடு போய்விட்டது. பெட்டி நனைந்துவிட்டது.

இரண்டு நோட்டு இங்க் பேனாவில் எழுதியவை. திறந்தால் பக்கம் முழுக்க நீலம். எழுத்து கரைந்து, வேப்பம்பூ கொட்டின மாதிரி அங்கங்கே புள்ளி. மற்ற இரண்டும் பால்பாயிண்ட், ஈரத்தில் ஒட்டியிருந்தாலும் எழுத்து நின்றது. ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். கரண்ட் வர நாளாயிற்று. வந்த பிறகு இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்துத் தேய்த்தேன். தாள் அப்பளம் மாதிரி நொறநொறத்தது. தொண்ணூறு பக்கம் மொத்தமாகப் போயிற்று.

அன்றைக்கு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவும் செய்தேன், ஏழெட்டு மாதம். திரும்ப உட்கார்ந்தபோது ஒரு முடிவு செய்தேன். தொலைந்த தொண்ணூறு பக்கத்தில் எது தானாக நினைவுக்கு வருகிறதோ அதை மட்டும் எழுதுவது. எவ்வளவு யோசித்தும் வராததை விட்டுவிடுவது. நாற்பத்தொரு பக்கம் வந்தது. வராத நாற்பத்தொன்பதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் இல்லை. படித்தவர்கள் யாரும் அங்கே எதுவும் குறைகிறது என்று சொல்லவும் இல்லை.

நடுவில் ஒரு பதிப்பகத்துக்கு முதல் பத்து அத்தியாயம் அனுப்பினேன். ஒன்றரை வருஷம் பதில் இல்லை. பிறகு ஒற்றை வரியில், இந்த மாதிரி கிராமத்துக் கதைகள் நிறைய வந்துவிட்டன என்று வந்தது. வலித்தது. இடது பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன்.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது என் புத்தக அலமாரிதான். அதில் இந்த மண்ணுக்காரர்களின் முடியாத புத்தகங்கள் மூன்று உண்டு. உத்தமதானபுரத்து உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வந்தது. 1942ல் அவர் மறைந்தபோது பாதியில் நின்றது. கு.ப.ரா. 1944ல் 42 வயதில் போய்ச் சேர்ந்தார், 'வேரோட்டம்' நாவல் முடியவில்லை. 1954 டிசம்பரில் கல்கி போனபோது 'அமரதாரா' நடுவில் இருந்தது. மகள் ஆனந்திதான் முடித்துக் கொடுத்தார். அவ்வளவு பெரிய கைகளுக்கே நேரம் போதவில்லை. 2020ல் கொரோனா வந்து, தெருவில் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது, அந்த மூன்று புத்தகத்தின் பக்கம் பார்க்கவே கை கூசியது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று இருந்ததை இரண்டாக்கினேன். நன்றாக வருகிறதா என்று பார்ப்பதை அன்றோடு தள்ளிவைத்தேன்.

ஆனால் முடிவு பிடிபடவில்லை. இதுதான் என்னை நாலு வருஷம் நிறுத்திவைத்தது. சந்தேகத்தைவிடப் பெரிய சிக்கல் இது.

நாவலின் கடைசிக் காட்சியாக நான் நினைத்திருந்தது வறண்ட வாய்க்கால். ஆரம்பித்த நாளிலிருந்து வருஷா வருஷம் அதைத்தானே பார்த்தேன். 2020 ஜூன் 12ல், எட்டு வருஷத்துக்குப் பிறகு, மேட்டூரைச் சரியான தேதியில் திறந்தார்கள். கல்லணையைத் தாண்டிக் குடமுருட்டியில் நுரையோடு தண்ணீர் வந்தது. ஊரே படித்துறையில் நின்றது. நானும் பூவும் நெல்லும் தூவிக் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் என் கடைசி அத்தியாயம் பொய்யாகிவிட்டிருந்தது. சரி, தண்ணீர் வருவதையே முடிவாக வைக்கலாம் என்று எழுதினேன். 2022ல் மே மாதமே திறந்தார்கள், எழுதியது இன்னும் சரியாகத் தோன்றியது. 2023ல் ஜூன் 12ல் திறந்தும் தண்ணீர் போதாமல் கடைமடையில் குறுவை காய்ந்தது, அக்டோபர் 10ல் அணையை மூடினார்கள். 2024ல் ஜூலை 28க்குத்தான் திறந்தார்கள். ஆற்றை நம்பி முடிவு எழுத முடியாது என்று புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. கதை நடவு நடுகிற ஒரு பெண்ணுடையது, அவள் கையில் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

பதில் எங்கள் வயலுக்கு அடுத்த வயலில் இருந்தது. போன சம்பாவில் அங்கே நடவுக்கு மேற்கு வங்கத்துப் பையன்கள் வந்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், மொத்தமாக ஏக்கர் கணக்குப் பேசி நடுகிறவர்கள். கயிறு பிடித்து, மளமளவென்று. நம் பக்கத்துப் பெண்கள் ஒரு நாளில் முடிப்பதை மத்தியானத்துக்குள் முடித்தார்கள். அவர்களில் ஒருவன் ஏதோ பாடினான், அவன் பாஷையில். மற்றவர்கள் வரியின் கடைசியைப் பிடித்தார்கள். பெரியம்மா வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே கடைசி அத்தியாயம் எனக்குத் தெரிந்துவிட்டது. தை வரை மெதுவாக எழுதினேன். ஆரம்பத்தில் நான் சொன்னேனே, அந்த ஐந்தாறு வாக்கியம், அதில்தான் வந்து நின்றது.

மொத்தம் 612 பக்கம் கையெழுத்து. பெண் இப்போது கல்லூரி முடித்துவிட்டாள், சனி ஞாயிறுகளில் டைப் அடித்துத் தருகிறாள். அவள் பிறந்த வருஷத்து ரஃப் நோட்டா இது என்று கேட்டாள். இல்லை, ஆறாம் வகுப்பு நோட்டு, உன் கணக்கெல்லாம் பின்பக்கம் இருக்கிறது என்று காட்டினேன். வீட்டுக்காரர் ராத்திரி நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு மூட்டை வரும் போலிருக்கே" என்றார். அவர் அதிகம் பேச மாட்டார். மறுநாள் எனக்கென்று ஒரு மேசை வாங்கி வந்தார்.

உளுந்து தெளித்து முளை வந்த பிறகு, மாசியில் ஒரு மத்தியானம், பெரியம்மாவை வரச் சொல்லித் திண்ணையில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. மடியில் பனங்கிழங்கு வைத்திருந்தார். நார் உரித்துக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு முறைகூட நிறுத்தவில்லை. வெளியூர்ப் பையன்கள் நடுவதை அவள் வரப்பிலிருந்து பார்க்கிற இடம் வந்தது. அந்தப் பாட்டு, கயிறு, பின்னால் நகரும் கால்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள் என்று எழுதியிருந்தேன்.

"அளுதாளா?" என்றார்.

"ஆமாம் பெரியம்மா."

"எதுக்கு அளுவுறா? அவ அளுவ மாட்டா." நாரைச் சுற்றிக் கீழே போட்டார். "அந்தப் பயலுவ விடியிலேர்ந்து குனிஞ்சு கெடக்குறானுவ. வெயிலு என்னா வெயிலு. போயி ஒரு கொடந் தண்ணி கொண்டாந்து வச்சிருப்பா."

நான் பேசாமல் இருந்தேன். அன்றைக்கு அடுத்த வயலில் பெரியம்மா எழுந்து எங்கேயோ போனது ஞாபகத்துக்கு வந்தது. எங்கே போனார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் அத்தியாயம் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

உள்ளே போய்ப் பேனாவை எடுத்து வந்தேன். முந்தானை, முகம், அழுகை மூன்றையும் அடித்தேன். மேலே இடுக்கி இடுக்கிக் குடத்தை எழுதினேன்.

அவர் பாதிக் கிழங்கை ஒடித்து என் கையில் கொடுத்தார். "இப்பப் படி. கேப்பம்" என்றார்.